சிங்கப்பூரில் சின்ன பாக்கெட் ரேடியோவை வைத்துத் தமிழ்நாட்டு ஏ.எம். நிலையங்களைக் கேட்க முடியுமா?

முடியும். கேட்டிருக்கிறேன். ஆனால் ஊரில் திண்ணையில் வைத்துக் கேட்ட மாதிரி இருக்கும் என்று நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். நல்ல இரவில் ஐந்து நிமிடம், சுமாரான இரவில் அரை வாக்கியம், பெரும்பாலான இரவுகளில் வெறும் இரைச்சல். செயலியில் எல்லா ஆகாசவாணி நிலையமும் கண்ணாடி மாதிரி கேட்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று என் மனைவி கேட்பாள். அதற்கு என்னிடம் இன்றுவரை உருப்படியான பதில் இல்லை.

நான் திருவாரூர்ப் பக்கம். எங்கள் வட்டாரத்தில் ரேடியோ என்றாலே திருச்சிதான். 1939இல் தொடங்கிய நிலையம். அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல்லை அதன் விவசாய நிகழ்ச்சிகள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததால், அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் விழுந்தது. அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். அதன் அலைவரிசை 936 கிலோஹெர்ட்ஸ். அந்த எண் எனக்கு வீட்டுக் கதவு எண் மாதிரி. சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன்னால் ஒருநாள், அங்கே ஒரு பழைய சோனி பாக்கெட் ரேடியோவை எட்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முள்ளைக் கொண்டுபோய் நிறுத்தியது 936இல். ஒன்றும் இல்லை. முள் ஓடும் ஒரு கோடி 531 முதல் மறுகோடி 1602 வரை ஒரே ரீங்காரம், தேனீக்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி. ரேடியோ செத்தது, எட்டு வெள்ளி போச்சு என்றுதான் நினைத்தேன்.

ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் கெட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கிப் பார்த்தேன். பேட்டரியில் ஓடும் ரேடியோ என்பதால் அது பாட்டுக்கு ஓடியது. ரீங்காரத்தில் பாதி சட்டென்று அடங்கியது. அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, குக்கர்ல சோறு இருக்கு! கரண்டா போச்சு?" அடுத்த பத்து நிமிடம் நான் பட்ட ஏச்சை விட்டுவிடலாம். பிறகு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ரேடியோவைக் கையில் பிடித்து மோப்பநாய் மாதிரி அறை அறையாகப் போனேன். மீன்தொட்டி விளக்கின் அடாப்டர் பக்கத்தில் போனதும் ரேடியோ கத்தத் தொடங்கியது. இரண்டாவது குற்றவாளி செல்போன் சார்ஜர். மலிவான அடாப்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இறக்குகின்றன. அந்த வெட்டின் கழிவு நிறையவே மீடியம் வேவில், அதாவது இந்த ஏ.எம். நிலையங்கள் இருக்கும் இடத்தில், வந்து கொட்டும். மிச்சப் பாதி இரைச்சல் தாழ்வார எல்.இ.டி. விளக்கு, மின்தூக்கி, அக்கம்பக்கத்து வீடுகள். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே புது ரேடியோ வாங்குமுன் இருக்கிற ரேடியோவை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போங்கள். இருநூறு வெள்ளி ரேடியோ ஹாலில் கேட்காததை இருபது வெள்ளி ரேடியோ கடற்கரையில் கேட்கும்.

இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. சிங்கப்பூரில் இப்போது உள்ளூர் மீடியம் வேவ் ஒலிபரப்பே கிடையாது. இங்கத்துத் தமிழ் வானொலி ஒலி 96.8 உட்பட எல்லாம் எஃப்.எம். பக்கத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டர் இருந்தால் சின்ன ரேடியோவுக்குக் காது அடைத்துவிடும். அந்தத் தொல்லை இங்கே இல்லை.

அடுத்தது நேரம். பகலில் வானின் கீழடுக்கு, டி அடுக்கு என்பார்கள், மீடியம் வேவை உறிஞ்சிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலை மேலே ஏறி, உயரத்தில் இருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். ஆனால் வழி முழுக்க இருட்டாக இருக்க வேண்டும், இங்கே மட்டும் இருட்டினால் போதாது. நமக்கு ஏழு மணிக்குப் பொழுது சாயும்போது தமிழ்நாட்டில் மணி நாலரை, வெயில் காய்கிறது. அங்கே இருட்ட நம் கணக்கில் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஒன்பது மணிதான் நல்ல நேரம். அங்கே ஆறரை, மாநிலச் செய்தி வாசிக்கும் வேளை. காலையில் முயன்று பயனில்லை. ஆறு மணிக்குச் சற்று முன் அங்கே நிலையம் திறக்கும்போது இங்கே எட்டரை, வெயில் ஏறியிருக்கும். அந்தத் தொடக்க இசையை இங்கிருந்து கேட்க வழியே இல்லை. இதை நினைத்து நான் கொஞ்சம் வருத்தப்பட்டதுண்டு.

ஏழு மணிக்கே போய்விட்டால் சும்மா இருக்க வேண்டாம், ஒரு வேடிக்கை உண்டு. தாய்லாந்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு வானொலிகளில் தேசிய கீதம் ஒலிக்கும். அது நமக்குச் சரியாக ஏழு மணி. அந்த ஒரு நிமிடத்தில் முள்ளை மெல்ல நகர்த்தினால் அதே கீதம் அங்கங்கே முளைக்கும். கீதம் கேட்ட இடமெல்லாம் தாய்லாந்து என்று குறித்துக்கொள்ளலாம், ஒரு சொல்கூடத் தாய் மொழி தெரிய வேண்டாம்.

தாய்லாந்தும் ஜகார்த்தாவும் கணீரென்று வரும்போது நம்மூர் மட்டும் ஏன் முனகுகிறது? தூரம் ஒரு காரணம். சென்னையும் தூத்துக்குடியும் இங்கிருந்து ஏறக்குறைய 2900 கிலோமீட்டர். ஆனால் பெரிய காரணம் காந்தம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963இல் கேரளத்துத் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். சிங்கப்பூரும் அந்தக் கோட்டுக்குப் பக்கம். அங்கே காந்தப் புலம் தரைக்கு இணையாக, வடக்கு தெற்காகப் படுத்திருக்கும். மீடியம் வேவ் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை செங்குத்தாக ஆடும். அது கிழக்கு மேற்காகப் பயணம் செய்தால் அதன் பெரும்பங்கு வானத்தில் எளிதாக உறிஞ்சப்படும் வகையாக மாறி வீணாகிறது. வடக்கு தெற்காகப் போகும் அலைக்கு இந்தக் கஷ்டம் குறைவு. பாங்காக் நமக்கு வடக்கே, ஜகார்த்தா தெற்கே, நம்மூரோ மேற்கே. வானமே ஓரவஞ்சனை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்களில் தேடுவது? நெடுங்காலமாக இருந்துவருபவை: சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053. தூத்துக்குடி 200 கிலோவாட், இலங்கையை நோக்கி வைத்தது. எனக்கு மற்றவற்றைவிட அதுதான் அடிக்கடி அகப்பட்டிருக்கிறது. போர்ட் பிளேர் 684ஐயும் விடாதீர்கள். அந்தமான் நமக்குத் தமிழ்நாட்டுத் தூரத்தில் பாதிக்குச் சற்று அதிகமான தொலைவில்தான் இருக்கிறது. இந்தியாவில் மீடியம் வேவை ஒவ்வொன்றாக நிறுத்திவருகிறார்கள், சிலவற்றை டிஜிட்டலாக்கியும் விட்டார்கள். ஒரு எண்ணில் சீரான 'ஷ்ஷ்' என்ற பலத்த இரைச்சல் மட்டும் வந்தால் அது டிஜிட்டல் ஒலிபரப்பாக இருக்கலாம், ரேடியோவைத் தட்டாதீர்கள்.

கையில் ரேடியோ இருக்கிறவர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று: ஏ.எம்.முக்கு அந்த இழுக்கும் கம்பி வேலை செய்யாது. உள்ளே விரல் நீளத்தில் கறுப்பு ஃபெரைட் குச்சி ஒன்று படுத்திருக்கிறது, அதுதான் ஆன்டெனா. குச்சியின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை நிலையம் மங்கும். பக்கவாட்டுத் திசை பலமாக வரும். உதாரணம் 999. அங்கே ஜகார்த்தாவும் உண்டு, கோயம்புத்தூரும் உண்டு. ரேடியோவை மெதுவாகத் திருப்பி முனையை ஜகார்த்தா பக்கம் குறி வைத்தால் இந்தோனேசியக் குரல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி அடங்கும். அடியில் யார் இருக்கிறார் என்று அப்போது கேட்கலாம். கோயம்புத்தூர் எனக்கு இன்னும் சிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் இடம் லிம் சூ காங் படகுத்துறை. சுவா சூ காங்கிலிருந்து 975 பேருந்து, சாலையின் கடைசிவரை. விளக்கு குறைவு, அடுக்குமாடி இல்லை, மேற்கே ஜலசந்தி. ஒருநாள் இரவு அங்கே தூண்டில் போட்டிருந்த ஒரு தமிழ்ப் பெரியவர், நான் ரேடியோவைக் காதில் வைத்துச் சுழன்றுகொண்டிருப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கெட்டுப்போச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவராம், "நாங்க சின்னப் பிள்ளையில சிலோன் ரேடியோ கேட்போம்யா" என்றார். தூண்டிலை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மணி ஒன்பது. 936இல் சீனக் குரல் ஒன்று மேலே நின்றது. திருப்பினேன். சீனம் தணிந்தது. அடியில் ஒரு பெண் குரல், அலை போல ஏறி இறங்கி. "...வாசிப்பது..." பெயர் கரைந்துபோயிற்று. பிறகு "...டெல்டா மாவட்டங்களில்..." என்று தெளிவாக, யாரோ தோளுக்குப் பின்னால் நின்று சொன்ன மாதிரி. பெரியவர் என் முழங்கையைப் பிடித்தார். பதினைந்து விநாடி இருக்கும். மறுபடி சீனம். செல்போனை எடுத்துச் செயலியில் திருச்சியை வைத்தேன். சற்று நேரம் கழித்து அதே பெண் அதே டெல்டா மாவட்டங்களைச் சொன்னார். நூறில் ஒரு விநாடியில் வானில் வந்ததை இணையம் பின்னாலேயே மூச்சிரைக்கக் கொண்டுவந்து சேர்த்தது. கேட்டது நம் நிலையம்தானா, மனப்பிராந்தியா என்று உறுதிசெய்ய இதைவிட நல்ல வழி கிடையாது.

வாங்குவதானால் முள் வைத்த சோனி எஸ்10 மாதிரி ஏதாவது போதும். எண் பார்த்துத் தட்ட வேண்டுமென்றால் டெக்சன் பி.எல். 310, அதில் அலையகலத்தைக் குறைத்துப் பக்கத்து நிலையத்தை வெட்டலாம். ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் 9 கிலோஹெர்ட்ஸ் படிக்கு மாற்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நிலையங்கள் 10 இடைவெளியில், நமக்கு 9. மாறாவிட்டால் 720ஐத் தவிர மேலே சொன்ன எந்த எண்ணிலும் சரியாக நிற்காது. கைவேலை பிடிக்கும் என்றால் அட்டைப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கம்பி சுற்றி, பழைய ரேடியோவின் ட்யூனிங் கண்டென்சரை இரு முனையிலும் இணைத்து, ரேடியோவைப் பக்கத்தில் வையுங்கள். ஒயர் எதுவும் ரேடியோவைத் தொட வேண்டாம். முனகல் பேச்சாக மாறும்.

நடுவில் 'படார் படார்' என்று வெடிக்கத் தொடங்கினால் எங்கோ மின்னல். அந்த வெடிச்சத்தம் நெருங்கிவந்தால் ரேடியோவை அணைத்துவிட்டுப் படகுத்துறையைவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். போகும்போதே 975இன் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை 1053இல் ஒரு பழைய பாட்டு முடியட்டும் என்று நின்று வண்டியை விட்டேன். இருட்டில் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி நடந்து, டாக்சி கிடைத்தபோது மணி பன்னிரண்டரை.