மிதக்கும் ட்ரெமோலோவில் சுருதி நிலைக்க: கேள்வி பதில்

கேள்வி: ஆறாவது தந்தியைச் சேர்த்து முடிப்பதற்குள் முதலில் சேர்த்த தந்தி இறங்கிவிடுகிறது. கிட்டாரில் ஏதேனும் பழுதா ஐயா?

பதில்: பழுதில்லை, அந்த அமைப்பின் இயல்பே அதுதான். மிதக்கும் பிரிட்ஜை (உடலின் மேல் தந்திகளைத் தாங்கி, கைப்பிடிக் கம்பியை அழுத்தினால் முன்சாயும் பாகம்; ட்ரெமோலோ என்பது இதுவே) ஒரு தராசாக எண்ணிக்கொள்ளுங்கள்: ஒருபுறம் தந்திகளின் இழுவிசை, மறுபுறம் உடலின் பின்குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுவிசை, இரண்டும் சமமாகும் இடத்தில்தான் பிரிட்ஜ் நிற்கும். ஒரு தந்தியை முறுக்கினால் பிரிட்ஜ் சற்று முன்சாய்ந்து மற்ற ஐந்தும் தளரும். ஆகவே ஒவ்வொரு தந்தியையும் ஒரே முறையில் துல்லியமாக நிறுத்த முயல வேண்டாம். எல்லாமே இறங்கியிருந்தால், முதலில் தொடும் தந்திகளைக் குறித்த சுருதிக்குச் சிறிது மேலேயே வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். சுற்றுக்குச் சுற்று பிழை சுருங்கிக்கொண்டே வரும்.

கேள்வி: 9-42 தந்திகளை (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) எடுத்துவிட்டு 10-46 போட்டேன். பிரிட்ஜின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பதில்: தடித்த தந்திகளுக்கு அதே சுருதியில் இழுவிசை அதிகம், அதற்கு ஈடாக ஸ்பிரிங்குகளை இறுக்க வேண்டும். பின்குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளையும் சமமாக, ஒரு நேரத்தில் அரைச் சுற்றுக்கு மிகாமல் உள்ளே திருப்பி, மீண்டும் சுருதி சேர்த்து, பிரிட்ஜைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது உடலுக்கு இணையாக வரும்வரை இதையே தொடருங்கள். சுருதி சேர்க்காமல் கோணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பயன்தராது. அடுத்த முறை பிரிட்ஜுக்கு அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துவிட்டுத் தந்தி மாற்றினால் வேலை பாதியாகும்.

கேள்வி: நட்டின் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் படியும் பட்டை) பூட்டை இறுக்கியதும் எல்லாத் தந்திகளும் ஏறிவிடுகின்றனவே?

பதில்: அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஃபிளாய்ட் ரோஸ் 1979-இல் காப்புரிமை பெற்ற பூட்டும் அமைப்பின் வழிவந்தது உங்களுடையது. நட்டுக்குப் பின்னால் தந்திகளை அழுத்தும் குறுக்குத் தண்டு உயரமாக இருந்தால், தந்திகள் நட்டின் மேல் படியாமல் நின்று, பூட்டும்போது கீழே அழுத்தப்பட்டு சுருதி ஏறும். அந்தத் தண்டைச் சற்று இறக்குங்கள். பூட்டுவதற்கு முன் பிரிட்ஜில் உள்ள நுண்திருகுகளை நடுநிலையில் வைத்திருந்தால், எஞ்சும் சிறு வேறுபாட்டை இருபுறமும் திருத்த இடமிருக்கும்.

கேள்வி: பிரிட்ஜின் கைப்பிடிக் கம்பியை அழுத்தித் தந்திகளைத் தொய்வாக்கி விட்ட பிறகு, சுருதி பழைய இடத்துக்கு வருவதில்லை. எங்கே தேடுவது?

பதில்: எந்தப் பக்கம் தவறுகிறது என்பதே பாதி விடை, இதைக் கவனிக்காமல் பாகங்களை மாற்றுவது வீண் செலவு. அழுத்தி விட்டபின் சுருதி ஏறி நின்றால், உராய்வு பெரும்பாலும் நட்டில் இருக்கிறது: தொய்ந்தபோது பின்பக்கம் நழுவிய தந்தி, திரும்பி வர முடியாமல் அங்கே சிக்கிக்கொள்கிறது. பூட்டில்லாத நட்டானால் பள்ளங்களில் பென்சிலின் கிராஃபைட்டைத் தேய்க்கலாம். பூட்டும் நட்டானால் அதன் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். மாறாக, சுருதி இறங்கி நின்றால், பிரிட்ஜ் முழுதாகப் பின்வராமல் நிற்கிறது என்று கொள்ளலாம். அது சாய்ந்தாடும் கூரிய விளிம்புகளையும், அவை பொருந்தும், உடலில் பதித்த முளைகளின் பள்ளங்களையும் ஆராயுங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் எண்ணெய் தற்காலிக ஆறுதலே. ஆனால் புதிய தந்திகளானால், அவற்றைக் கையால் நன்றாக இழுத்து நீட்சியை எடுத்த பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நீளாத தந்தியும் சுருதி இறங்குவதாகவே காட்டும்.

கேள்வி: ஒரு தந்தியை வளைத்து வாசிக்கும்போது அருகிலுள்ள தந்தி இறங்குகிறது.

பதில்: அதே சமநிலைதான் காரணம். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜின் மேல் மெல்ல ஊன்றினால் குறையும்.

கேள்வி: ஆறாவது தந்தியை மட்டும் அடிக்கடி டி (D) சுரத்துக்கு இறக்கி வாசிக்க விரும்புகிறேன்.

பதில்: மிதக்கும் நிலையில் அது நடவாது, மற்ற ஐந்தும் ஏறிவிடும். பிரிட்ஜ் பின்னோக்கிச் செல்லாதபடி பின்குழியில் கட்டையை வைத்துத் தடுத்தால், கீழ்நோக்கி மட்டும் அழுத்தலாம், ஒரு தந்தியை இறக்குவதும் மற்றவற்றைக் குலைக்காது. இதற்காக முளைகளின் உயரத்தை மாற்ற நேர்ந்தால், தந்திகளை முற்றிலும் தளர்த்திய பின்பே திருப்புங்கள். இழுவிசை இருக்கும்போது திருப்பினால் அந்தக் கூரிய விளிம்புகள்தான் தேயும்.