அண்ணன் எழுப்பப்படும்போது

அன்புள்ள ஐயா,

இறந்தவர்களின் உடலை உறைய வைத்து, பின்னொரு நாள் எழுப்பலாம் என்று நம்பும் கிரையோனிக்ஸ் முறையைப் பற்றிய உங்கள் கட்டுரையில், "மனம் நொந்தவர்களை உறைய வைத்துப் பின்னொரு நாள் எழுப்புவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் இருபது ஆண்டுகளாக மனச்சிதைவு நோயோடு வாழ்கிறார். தெளிவாக இருக்கும் நாட்களில் இதைப் பற்றி நிறையப் படிக்கிறார். தன் காலம் முடிந்த பின் தன்னையும் அப்படிப் பாதுகாக்க வேண்டும் என்கிறார். புற்றுநோயாளி கேட்டால் நம்பிக்கை, அண்ணன் கேட்டால் கொடுமையா? இது என்ன நியாயம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நியாயமே இல்லை. அந்த வரியை எழுதும்போது நான் நினைத்தது வேறொரு நிலையை: வாழ்வையே வேண்டாமென்று இறந்துபோன ஒருவரை, பிரிவைத் தாங்க மாட்டாத உறவினர்கள் அவருடைய சம்மதமின்றிப் பாதுகாத்து வைப்பதை. அது தவறென்றே இப்போதும் கருதுகிறேன். உங்கள் அண்ணனோ வாழ விரும்புகிறவர். இருவரையும் ஒரே வரியில் கட்டிப்போட்டது என் பிழை. நோய் இருக்கிறது என்பதற்காகவே ஒருவருடைய விருப்பம் செல்லாததாகிவிடாது.

ஆனாலும் புற்றுநோயாளிக்கும் அவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம்முடைய நினைவும் குணமும் மூளையின் நரம்பிணைப்புகளில் பதிந்திருக்கின்றன, அந்த அமைப்பு சிதையாமலிருந்தால் ஆளும் அழியவில்லை என்ற எண்ணத்தின் மீதுதான் கிரையோனிக்ஸ் முழுவதும் நிற்கிறது. இறப்பு அறிவிக்கப்பட்டவுடன் உடலைக் குளிர்வித்து, பனிக்கட்டி உருவாகித் திசுக்களைக் கிழித்துவிடாதபடி இரத்தத்துக்குப் பதிலாக வேதிக் கரைசலைச் செலுத்தி, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். 1967 ஜனவரியில் முதன்முதலாக உறைய வைக்கப்பட்ட அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு இன்னும் அதே நிலையில்தான் இருக்கிறார். இதுவரை ஒருவரும் எழுப்பப்படவில்லை. எழுப்ப முடியும் என்றே வைத்துக்கொள்வோம். ஈரலில் இருக்கும் கட்டியை அகற்றினால் நோயாளி அதே ஆளாகத்தான் எழுவார். உங்கள் அண்ணனின் நோயோ, அவரை அவராக வைத்திருக்கும் அதே நரம்பிணைப்புகளோடு பின்னிக் கிடக்கிறது. இருபது ஆண்டுகளாகக் கேட்ட குரல்கள், அவற்றை நம்பக் கூடாது என்று தனக்குத் தானே கற்றுக்கொண்டது, அந்த நாட்களில் உங்கள் மீது வைத்த நம்பிக்கை எல்லாம் ஒரே நெசவு. எந்த நூலை உருவுவது, எதை விடுவது என்று அப்போது யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். படுத்திருப்பவரைக் கேட்டு முடிவு செய்ய வழியிருக்காது.

எனக்கு அச்சம் தருவது இந்த இடம்தான். மனநோயாளிகளின் மூளை முன்மடலின் இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சைக்காக போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். அதனால் பலர் அமைதியானார்கள் என்பது உண்மை. அந்த அமைதிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது பிறகுதான் பேசப்பட்டது. தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-இல்தான். அந்த ஆண்டுக்கு முன்பே உறைய வைக்கப்பட்டு, அதற்கு முன்பே எழுப்பவும்பட்ட தன்பாலீர்ப்பாளர் ஒருவரை, நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்களே 'குணப்படுத்தி'யிருப்பார்கள். வரப்போகும் காலம் நம்மைவிடத் திறமையானதாக இருக்கலாம்; நம்மைவிட அடக்கமானதாகவும் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே அவர் தெளிவாக இருக்கும் நாட்களில் சிலவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். தெளிவான நேரத்தில் தன் சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே எழுதித் தருவது மனநல மருத்துவத்தில் இன்று ஏற்கப்பட்ட முறைதான். எதை நீக்கலாம், எதைத் தொடவே கூடாது, அதைத் தொடாமல் எழுப்ப முடியாதென்றால் எழுப்பாமலே விட்டுவிடலாமா, எழுந்த பின் மேற்கொண்டு சிகிச்சை வேண்டாமென்று சொல்ல உரிமை உண்டா? இந்த ஏடு அந்நாளைய மனிதர்களைக் கட்டுப்படுத்துமா என்றால், கட்டுப்படுத்தாதுதான். ஆனால் அவர்களுள் மனசாட்சியுள்ள ஒருவர் இருந்தால், பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இருக்காது.

நீங்கள் இல்லாத உலகில்தான் எழுவோம் என்பதை அவர் யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவரைத் தாங்கி நிற்பதில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, உங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மூளைக்கட்டி தன் நினைவை அழிக்கும் முன்பே தன்னை உறைய வைக்கும்படி தாமஸ் டொனால்ட்சன் என்ற கணிதவியலாளர் கேட்டார்; கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் அதை மறுத்துவிட்டது. இயல்பான ஆயுள் முடிந்த பிறகுதான் இந்தப் பேச்சே தொடங்குகிறது. அதுவரை அவருடைய மருத்துவரையும் மருந்தையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்ததற்குக் காரணம் உங்கள் கடிதம் என்றும் அங்கே குறித்திருக்கிறேன். அண்ணன் எழுதியதைப் பகிர அவருக்கு விருப்பமிருந்தால், படிக்கக் காத்திருக்கிறேன்.