நெஞ்சு நசுங்கி முகம் கருநீலமானால்: கேள்வி பதில்

பினாங்கில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நெஞ்சு நசுங்கும் விபத்துகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

கேள்வி (பட்டர்வொர்த், கார் பட்டறை): அண்ணே, ஜாக்கி நழுவி காருக்கடியில் மாட்டிய பையனை இழுத்தோம். முகம், கழுத்து கருநீலம், கண் ரத்தச் சிவப்பு, வயிற்றுப் பக்கம் நிறம் சாதாரணம். ஏன்?

பதில்: தம்பி, பயத்தில் நாம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறோம். தொண்டை மூடியிருக்கும் அந்த நொடியில் நெஞ்சில் பாரம் விழுந்தால், இதயத்தின் வலப்பக்கத்து ரத்தம் எதிர்த்திசையில் தலைக்குப் பாயும். அதைத் தடுக்க தலைக்கும் இதயத்துக்கும் இடையிலுள்ள பெரிய ரத்தக் குழாய்களில் போதிய வால்வு இல்லை, அதனால் நுண்குழாய்கள் வெடித்து ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். விரலால் அழுத்தினாலும் புள்ளி மறையாது. காலர் இறுக்கமாக இருந்தால் அந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும். பாரிஸ் நெரிசலில் இறந்தவர்களிடம் இதைப் பார்த்து 1837-லேயே ஒலிவியே என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார்.

கேள்வி: முகம் இவ்வளவு நீலம், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 97. கருவி கெட்டுப்போச்சா?

பதில்: கருவி சரிதான் அக்கா. நிறம் தேங்கிய ரத்தத்தால் வருவது. ஆனால் 97 பார்த்து வீட்டுக்குப் போகக் கூடாது. முகம் பயமுறுத்தினாலும் உயிரை எடுப்பது நெஞ்சுக்குள்: விலா முறிவு, நுரையீரலைச் சுற்றி காற்றோ ரத்தமோ சேர்வது, இதயத்தில் அடி. முகத்துக்குத் தனி மருந்தில்லை, ஆக்சிஜன், எக்ஸ்ரே, ஈசிஜி, தேவைப்பட்டால் ஸ்கேன், நெஞ்சில் குழாய். கழுத்து எலும்பு சரி என்று தெரிந்ததும் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துவோம்.

கேள்வி (தைப்பூசத் தொண்டர், தண்ணீர்மலை): பாரத்தை உடனே தூக்கக் கூடாது என்கிறார்களே?

பதில்: அது கை கால் நெடுநேரம் சிக்கிக் கிடந்தவர்களை வைத்து வந்த பேச்சு. நெஞ்சு என்றால் ஒரு நொடிகூடக் காக்காதீர்கள், தூக்குங்கள். 999-க்கு ஒருவர் அழைக்கட்டும், எவ்வளவு நேரம் நசுங்கினார் என்பதையும் சொல்லுங்கள். மூச்சில்லையென்றால் சிபிஆர் (நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி), விலா உடையுமோ என்று தயங்காதீர்கள். மூச்சிருந்தால் கழுத்தை அசைக்காமல் வைத்திருங்கள், நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், தண்ணீரும் வேண்டாம்.

கேள்வி: கண் சிவப்பு எப்போது போகும்? கோடாலித் தைலம் தடவலாமா?

பதில்: கண் பக்கத்தில் தைலமா, ஐயோ! சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் தானே வடியும். பார்வை மங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.