ஒன்பதாவது வந்ததும் வாசிக்கறத நிறுத்திடறாங்க: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில தமிழாசிரியையா இருக்கேன், லைப்ரரி பொறுப்பும் என்கிட்டதான். (பேர் போட வேண்டாம் சார்.) லைப்ரரின்னா ரெண்டு பீரோ. தலைவர்கள் வாழ்க்கை வரலாறு, பொது அறிவு, நீதிக்கதை, பொன்னியின் செல்வன்ல மூணு பாகம், அவ்ளோதான். ஆறாவது ஏழாவது பசங்க எத குடுத்தாலும் வாங்கிட்டுப் போறாங்க. ஒன்பதாவது வந்தா "இதெல்லாம் சின்னப் பசங்க கதை டீச்சர்"னு சொல்லிட்டு நின்னுடறாங்க. இப்ப முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் பணம் குடுத்திருக்காங்க, நாவல்களா வாங்கலாம்னு ஆசை. ஹெச்.எம். நல்ல கருத்துள்ளதா பாத்து வாங்கச் சொல்றாரு. போன வருஷம் ஒரு நாவல்ல காதல் வருதுன்னு ஒரு பொண்ணோட அப்பா ஸ்கூலுக்கே வந்து சத்தம் போட்டாரு, அதுலேந்து எனக்கும் கொஞ்சம் பயம். 9லேந்து 12 வரைக்கும் என்ன நாவல் வாங்கலாம்? இங்கிலீஷ்லயும் ரெண்டு மூணு சொல்லுங்க. படிச்ச பசங்கள விமர்சனம் எழுதச் சொல்லலாமா?

டீச்சர், வணக்கம்.

பசங்க சொன்னதுதான் சரி. நம்ம பள்ளி லைப்ரரிகள்ல குழந்தைக் கதை இருக்கும், அத தாண்டினா நேரா பெரியவங்க புத்தகம் இருக்கும், நடுவுல 13லேந்து 18 வரைக்கும் ஒண்ணுமே இருக்காது. அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்துச்சே, எழுத்துக்கூட்டிப் படிக்கற பசங்களுக்கு அது ரொம்ப நல்ல வேலை, ஆனா அந்த நாலாவது படிய முடிச்ச பையன் அடுத்து எத எடுப்பான்னு கேட்டா உங்க பீரோதான் பதில் சொல்லணும், அதுல அவனுக்கு ஒண்ணும் இல்ல.

ஹெச்.எம். சொன்ன "நல்ல கருத்து"ங்கறத மட்டும் வெச்சுத் தேடாதீங்க. அத வெச்சுத் தேடினா மறுபடியும் நீதிக்கதைக்குத்தான் போய் நிப்பீங்க. இந்த வயசுக்கு நாவல் எடுக்கும்போது நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கதைல முடிவு எடுக்கறது யாரு? அந்த வயசு ஆள் ஒருத்தன் இல்ல ஒருத்தி, கூட இருக்கற பெரியவங்களால காப்பாத்த முடியாத ஒரு எடத்துல நின்னு, தானா ஒரு முடிவு எடுத்து, அதோட பலனையும் தானே சுமக்கணும். அது இருந்தா 15 வயசுப் பிள்ளை ஒக்காந்து படிக்கும். பெரியவங்க வந்து புத்தி சொல்லி முடிச்சு வெக்கற கதைன்னா பத்தாவது பக்கத்துலயே மூடி வெச்சிடும்.

இந்தக் கணக்குல பாத்தா நம்மகிட்ட இளையோர் நாவல்னு லேபிள் ஒட்டாமலே பெரிய புத்தகங்கள் இருக்கு. மொதல்ல பூமணியோட 'வெக்கை', 1982ல வந்தது. பசங்க கிட்ட 'அசுரன்' படத்தோட கதைன்னு சொன்னா போதும், எடுத்துடுவாங்க. ஆனா படம் அப்பாவோட கதை, நாவல் பையனோடது. சிதம்பரத்துக்கு 15 வயசு. அண்ணனக் கொன்னவன அவன் வெட்டறதுலதான் நாவலே ஆரம்பிக்குது, கைய மட்டும் வெட்டணும்னுதான் நெனச்சுப் போயிருப்பான், ஆள் செத்துடுவான். அதுக்கப்புறம் முழு நாவலும் அப்பாவும் பையனும் காடு கரைன்னு ஒளிஞ்சு திரியற நாட்கள்தான்.

உடனே உங்களுக்கு நாங்குநேரி ஞாபகம் வரும், எனக்கும் வருது. 2023 ஆகஸ்ட்ல கூடப் படிச்ச பசங்களே ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீட்டுக்குள்ள பூந்து வெட்டினாங்க, அதுக்கப்புறம்தான் பள்ளிகள்ல சாதிய பத்தி ஆராய நீதிபதி சந்துரு தலைமைல ஒருநபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கையும் குடுத்தாரு. இப்படி ஒரு சூழ்நிலைல அருவா தூக்கற பையனோட கதைய பள்ளிக்கூடத்துல வெக்கலாமான்னு யாராவது கேப்பாங்க. நான் வெக்கணும்னுதான் சொல்வேன். ரீல்ஸ்ல வர்ற அருவாவுக்கு பின்னால பசி கிடையாது. இந்த நாவல்ல வெட்டினது ஆரம்பத்துலயே முடிஞ்சு போகுது, மிச்சம் பூரா என்ன நடக்குதுன்னா சோறு எங்க கிடைக்கும், தண்ணி எங்க இருக்கு, ராத்திரி எங்க படுக்கறது, அம்மாவும் தங்கச்சியும் எங்க இருக்காங்க, யார் வீட்டு வாசல்ல நம்பி நிக்கலாம். ஒரு குடும்பமே செதறிப் போகுது. அதே சமயம் அந்தப் பையன அரக்கனாவும் காட்டல, ஏன் அவன் அந்த எடத்துக்கு வந்தான்னு நிலம், பணம், போலீஸ் எல்லாம் சேந்து தெரியுது. சாதிப் பேரும் நாவல்ல வெளிப்படையா வராது, அதனால ஒரே வகுப்புல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கற பசங்க யாரும் "இது என்னைத்தான் சொல்லுது"ன்னு ஒதுங்க மாட்டாங்க, சிதம்பரம் பக்கம் நின்னு படிச்சிடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க பேச்ச ஆரம்பிக்கலாம். நாங்குநேரி மாதிரி ஒண்ணு நடந்தா மறுநாள் உறுதிமொழி எடுக்கறோம், அத விட இந்தப் பேச்சு ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கறேன். கரிசல் பேச்சு உங்க ஊர் பசங்களுக்கு மொதல் இருபது பக்கம் கஷ்டமா இருக்கும், நீங்களே சத்தமா வாசிச்சுக் காட்டிடுங்க, காதுக்குப் பழகிட்டா அப்புறம் அவங்களே ஓடுவாங்க.

பெருமாள்முருகனோட 'கூளமாதாரி' (2000). பண்ணையத்துல ஆடு மேய்க்கற கூளையன், அவனோட மேய்ச்சல் காட்டுக் கூட்டாளிங்க. வேலைக்காரப் பையனும் முதலாளி வீட்டுப் பையனும் ஒரே வயசு, சேந்து வெளயாடறாங்க, ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற கோடு எப்பவும் அழியறதில்ல. படிக்கப் படிக்க அது எவ்ளோ கனமான விஷயம்னு தெரியும். கெட்ட வார்த்தை வருது, முடிவு ரொம்ப இருட்டு, அதனால 11, 12க்கு வெச்சுக்கங்க.

பெண் பிள்ளைகளுக்குன்னு தனியா புத்தகம் பிரிக்கறது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் உங்க மாவட்டத்துல பத்தாவது முடிச்ச கையோட கல்யாணம்னு பேச்சு எடுக்கற வீடுகள் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அதனால சிங்கிஸ் ஐத்மாத்தவோட 'முதல் ஆசிரியர்' கண்டிப்பா வேணும். சின்னப் புத்தகம், ஒரே நாள்ல முடிச்சிடலாம், சோவியத் காலத்துலேந்தே தமிழ்ல இருக்கு. கிர்கீஸிய கிராமத்துல துய்ஷேன்னு ஒரு இளைஞன், அவனுக்கே அரைகுறையாத்தான் எழுதப் படிக்கத் தெரியும், பழைய லாயத்த சுத்தம் பண்ணி பள்ளிக்கூடம் ஆரம்பிக்கறான். அங்க படிக்கற அல்தினாய்ங்கற அனாதைப் பொண்ண அவளோட சித்தி பணத்துக்காக ஒருத்தனுக்குக் குடுத்துடறா. இதையெல்லாம் அல்தினாய் பெரிய படிப்பு படிச்சு பெரிய ஆளானப்புறம் தானே கடிதமா எழுதற மாதிரி வரும். இதுல பெரியவன் ஒருத்தன் வந்து காப்பாத்தறான், நான் மேல சொன்ன கணக்குக்கு இது ஒத்துவரல, ஆனா அத சொல்லணும்னு வருஷங்கள் கழிச்சு முடிவு எடுக்கறது அவ. ஒன்பதாவதுலயே குடுக்கலாம்.

எழுத்தப் பாத்தாலே சோர்ந்து போற பசங்க கண்டிப்பா இருப்பாங்க. அவங்களுக்கு மர்ஜானே சத்ரபியோட படக்கதை நாவல், தமிழ்ல 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை'ன்னு இருக்கு. 1979 புரட்சி நடக்கும்போது ஈரான்ல வளர்ற ஒரு வாயாடிப் பொண்ணு, வீட்டுக்குள்ள ஒரு பேச்சு, பள்ளிக்கூடத்துல வேற பேச்சு, நடுவுல போர். கருப்பு வெள்ளைப் படம். சித்திரவதைய பத்தி வர்ற சில பக்கங்கள் இருக்கு, 11ஆவதுக்கு மேல சரியா இருக்கும். படக்கதைன்னா சின்னப் பிள்ளைங்களுக்குன்னு நெனச்சு யாராவது ஆறாவது பீரோல வெச்சிடப் போறாங்க, பாத்துக்கங்க.

அசோகமித்திரனோட '18வது அட்சக்கோடு' 12ஆவதுக்கு. செகந்திராபாத்துல கிரிக்கெட் வெளயாடிட்டு காலேஜ் போற சந்திரசேகரன், சுத்தி 1947-48ல நிஜாம் ராஜ்யம் இந்தியாவோட சேருமா சேராதான்னு கலவரம். வரலாற்றுப் புத்தகத்துல ஹைதராபாத் இணைப்புன்னு ரெண்டு வரில வர்றது, ஒரு பையனோட தெருவுல எப்படி நடந்துச்சுன்னு தெரியும். கடைசிப் பக்கங்கள் ஒரு பிள்ளைய உலுக்கிடும், அத படிச்சவங்க கிட்ட கட்டாயம் ஒக்காந்து பேசுங்க.

ஆறுலேந்து எட்டுக்கு நீங்க கேக்கல, ஆனா ஒன்பதாவதுல நிக்காம இருக்கணும்னா அங்கேந்தே பழக்கணும். யெஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கினது), தொடக்கூடாத மாதிரி தொடற பெரியவங்கள பத்தி பிள்ளைங்க பயப்படாம படிக்கற மாதிரி எழுதியிருக்காரு. உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை' கீழடிய வெச்சு எழுதினது, 2023ல அதே விருது. பொன்னியின் செல்வன்ல விட்டுப்போன ரெண்டு பாகத்தையும் வாங்கிடுங்க, பாதில நின்ன கதை மாதிரி கொடுமை வேற இல்ல, அதுவும் இல்லாம அவ்ளோ பெரிய புத்தகத்த முடிச்ச பிள்ளை அப்புறம் எந்தத் தடிமனுக்கும் பயப்படாது.

இங்கிலீஷ்ல மொதல்ல பத்மா வெங்கட்ராமனோட 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019). அவங்க சென்னைல பிறந்தவங்க, இப்ப அமெரிக்கால இருக்காங்க. அடிக்கற அப்பா கிட்டேந்து தப்பிச்சு விஜியும் அவ அக்கா ருக்குவும் நகரத்துக்கு ஓடி வந்து, ரெண்டு பசங்களோட சேந்து ஒரு பாழடைஞ்ச பாலத்துல தங்கி குப்பை பொறுக்கிப் பொழைக்கறாங்க. வீட்ட விட்டுப் போலாம்னு முடிவு எடுக்கறது தங்கச்சி விஜி, அதோட வெலையும் அவ மேலயே விழுது. அத்தியாயம் ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு பக்கம்தான், மனுஷங்க பேரும் சாப்பாடும் நமக்குத் தெரிஞ்சது, தமிழ் மீடியம் பசங்க மொதல் இங்கிலீஷ் நாவலா இதுல தைரியமா ஆரம்பிக்கலாம். அடுத்து லூயிஸ் சாக்கரோட 'ஹோல்ஸ்' (1998). செய்யாத திருட்டுக்கு தண்டனையா பாலைவனத்துல ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்ட பையன், தினமும் அஞ்சடி ஆழம் அஞ்சடி அகலத்துல ஒரு குழி தோண்டணும். பக்கத்துல தோண்டற பையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இவன் சொல்லிக் குடுக்கறான். எளிமையான வாக்கியம், சிரிப்பும் இருக்கு.

மூணாவது 'தி அவுட்சைடர்ஸ்', எஸ். இ. ஹின்டன். அமெரிக்கால இளையோர் நாவல்னு ஒரு வகையே இதுலேந்துதான் சூடு பிடிச்சதுன்னு சொல்வாங்க. ஒக்லஹோமா மாநிலத்துல டல்சாங்கற ஊர்ல ஒரு பள்ளி மாணவி, தன்னோட ஸ்கூல்ல ஏழைப் பசங்களும் பணக்காரப் பசங்களும் கும்பல் கும்பலா அடிச்சுக்கறத பாத்துட்டு 15 வயசுல எழுத ஆரம்பிச்சாங்க, 1967ல புத்தகம் வந்தப்ப 18 வயசு. இதுலயும் ஒரு கொலை நடந்துடுது, ரெண்டு பசங்க ஊருக்கு வெளிய ஒரு பழைய சர்ச்சுல ஒளிஞ்சிருக்காங்க. வெக்கைய முடிச்ச பையன் கிட்ட இத குடுத்துப் பாருங்க, டல்சாவும் கரிசக்காடும் எவ்ளோ தூரம், ஆனா ஒளிஞ்சிருக்கற பிள்ளையோட பயம் ஒண்ணுதான்னு அவனே வந்து சொல்வான். இதுக்கும் உங்கள மாதிரி ஒரு லைப்ரரி பொறுப்பாளருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. 1980ல கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோ பக்கத்துல லோன் ஸ்டார்னு ஒரு பள்ளியோட லைப்ரரியன், இந்த நாவல படமா எடுங்கன்னு பசங்க கையெழுத்தெல்லாம் சேத்து டைரக்டர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்கு லெட்டர் போட்டாங்க. அவர் 1983ல எடுத்தாரு.

இப்ப அந்த அப்பா விஷயம். அவரோட சண்டை போடாதீங்க, அதே சமயம் புத்தகத்த எடுத்து ஒளிச்சும் வெக்காதீங்க. அவர் பயப்படறது புத்தகத்துக்கு இல்ல, பொண்ணு தனக்குத் தெரியாத ஒண்ண யோசிக்கறாளேங்கறதுக்குத்தான். புத்தகத்த அவர் கைல குடுத்து நீங்களும் படிங்கன்னு சொல்லுங்க, அவருக்குப் படிக்க வராதுன்னா கதைய உக்காந்து சொல்லுங்க. அவர் பொண்ணு எத படிக்கக் கூடாதுன்னு சொல்ல அவருக்கு ஓரளவு உரிமை இருக்குன்னு ஒத்துக்கலாம், மத்த பிள்ளைங்க எத படிக்கக் கூடாதுன்னு சொல்ல உரிமை இல்ல, இத ஹெச்.எம். முன்னாடியே அமைதியா சொல்லிடுங்க. உங்க கைய பலமாக்க ஒரு வேலை செய்யணும். ஒவ்வொரு புத்தகத்தையும் பீரோல வெக்கறதுக்கு முன்னாடி நீங்க முழுசா படிச்சு, எந்த வகுப்புக்கு, எதுக்காக வாங்கினோம்னு நாலு வரி பதிவேட்டுல எழுதி ஹெச்.எம். கையெழுத்து வாங்கிடுங்க. யாராவது வந்து கேக்கறப்ப அந்தப் பக்கத்த காட்டினா பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

பணம் கொஞ்சம்தான்னு சொல்றீங்க, அப்ப முப்பது தலைப்புல ஒவ்வொண்ணுன்னு வாங்காதீங்க, பத்து தலைப்பு, ஒவ்வொண்ணும் மூணு காப்பி. ஒரே நேரத்துல மூணு பேர் ஒரே நாவல படிச்சா அவங்களுக்குள்ளயே பேச்சு வரும், அந்தப் பேச்சுதான் நாலாவது ஆள இழுத்துட்டு வரும். பீரோவப் பூட்டாதீங்க, அட்டை கிழிஞ்சாலும் பரவால்ல, தொலைஞ்சாலும் திட்டாதீங்க.

விமர்சனம் எழுதச் சொல்லவே சொல்லாதீங்க டீச்சர். மார்க் வந்துட்டா நாவலும் இன்னொரு பாடம் ஆயிடும். வேணும்னா ஒரு நோட்டு தொங்க விடுங்க, பிடிச்சிருந்தா அடுத்து படிக்கப் போறவங்களுக்கு ஒரு வரி எழுதட்டும், பிடிக்கலன்னா அதையும் எழுதட்டும், எழுதாமப் போனா போகட்டும்.

முதல் ஆசிரியரையும் வெக்கையையும் லீவுலயே நீங்க படிச்சுடுங்க. உங்க பிள்ளைங்களுக்கு ஒத்துவராதுன்னு தோணினா எழுதுங்க, வேற பாக்கலாம்.