அப்பா பெயர் யாருக்கு வேண்டும், எப்போது வேண்டும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பிறந்தது. அந்த ஆள் தன் பிள்ளையே இல்லை என்கிறார். அப்பா பெயர் கேட்பார்களே என்று பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகவே இல்லை. என் அண்ணன் பெயரைப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தங்கச்சி. மானம் காப்பாற்ற என்று போடும் அந்தப் பெயர், பிறகு ஜீவனாம்சம், பென்ஷன், சொத்து என்று எங்கே போனாலும் பிள்ளைக்கு எதிராகவே நிற்கும். திருமணமாகாத தாய் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், அப்பா பெயர் இல்லாமலே சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பிறப்பு பதிவாகாமல் ஒரு வருடம் தாண்டிவிட்டால் பதிவு செய்யச் சொல்லும் உத்தரவுக்காக சேரன்மகாதேவி கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டும். அந்த ஆளின் சம்மதத்துக்காகப் பிள்ளையின் காகிதம் காத்துக் கிடக்கக் கூடாது.

கேள்வி: அதே ஆளிடம் செலவுக்குக் கேட்க முடியுமா?

பதில்: முடியும். தாலி கட்டாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144. அவர் மறுத்தால் டி.என்.ஏ. பரிசோதனைக்கு அந்த வழக்கிலேயே மனுப் போடலாம். உத்தரவு வந்தும் ரத்தம் கொடுக்க மறுத்தால், அதையே அவருக்கு எதிராகக் கோர்ட் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் கேட்டவுடன் உத்தரவு போட மாட்டார்கள், முதலில் மற்ற ஆதாரம் பார்ப்பார்கள். தாய் சேய் நல அட்டையில் கணவர் என்று யார் பெயர் இருக்கிறது? பிரசவத்துக்குச் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டது யார்? பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, எதையும் அழித்துவிடாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் திருநெல்வேலி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் 15100.

கேள்வி: என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து இறந்துவிட்டார். நான் இரண்டாவது மனைவி, கோவிலில் தாலி கட்டினார். மூத்தவர் உயிரோடு இருக்கிறார். என் மகனுக்கு பி.எஃப். பென்ஷன் வருமா? (வள்ளியூர்)

பதில்: அம்மா, உங்களுக்கு விதவைப் பென்ஷன் கிடைப்பது கடினம். முதல் திருமணம் இருக்கும்போது நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது. ஆனால் அந்தக் குறை பிள்ளைக்கு இல்லை. இந்து திருமணச் சட்டம் 16-வது பிரிவுப்படி அவன் சட்டப்பூர்வமான மகன். பி.எஃப். திட்டத்தில் பிள்ளைகளுக்கு 25 வயது வரை, விதவைப் பென்ஷனில் கால் பங்கு வீதம் கிடைக்கும். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குத்தான், அதுவும் மூத்ததிலிருந்து வரிசையாக. மூத்த மனைவிக்கு உங்கள் மகனைவிடப் பெரிய, 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள் இருந்தால் உங்கள் மகன் முறை வரக் காத்திருக்க வேண்டும். அதற்காக மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழில் அவன் பெயரும் வர வேண்டும் என்று இப்போதே தாசில்தாரிடம் எழுதிக் கொடுங்கள். தகராறு என்று திருப்பி அனுப்பினால் சிவில் கோர்ட்தான் வழி. அப்பா பெயர் உள்ள பள்ளிக்கூடச் சேர்க்கை, ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் மூன்றும்தான் அங்கே பேசும்.

கேள்வி: ஊர்ப் பேச்சைக் கேட்டு என் தம்பி தன் மனைவி பெற்ற பிள்ளைக்கு டி.என்.ஏ. எடுக்கணும் என்று நிற்கிறான்.

பதில்: திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முடிந்து 280 நாளுக்குள்ளோ பிறந்த பிள்ளை கணவனுடையதுதான் என்பது சட்டம். அந்தச் சமயத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் நிரூபித்தால்தான் வேறு பேச்சு. வெறும் சந்தேகத்துக்காகக் குழந்தையைப் பரிசோதனைக்கு இழுக்கக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தம்பியை உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டுக்கு அப்பா பெயர் கட்டாயமா?

பதில்: இல்லை. 2016-லிருந்து தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும்.