சூடேறி நிற்கும் கேம் கொன்சோல்: வாசகர் கேள்வி – பதில்

பங்குனி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் கேம் கொன்சோல் கொதித்து நிற்பது பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பெட்டி எந்த மாதிரியாக இருந்தாலும் நாங்கள் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: சூடு எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது? அது தெரியாமல் ஸ்குறூவைக் கழற்றத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: மகனின் பிளேஸ்ரேசன் 4, விளையாடத் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் பக்கத்து அறைக்கும் கேட்குமளவு இரைகிறது. பிறகு சூடு கூடிவிட்டது என்று திரையில் எழுத்து வந்து நின்றுவிடும். ரீவிக்குக் கீழே கண்ணாடி அலுமாரிக்குள்தான் வைத்திருக்கிறோம். கடையில் கொடுக்க வேண்டுமா, வீட்டிலேயே பார்க்கலாமா ஐயா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: முதலில் அலுமாரியிலிருந்து வெளியே எடுங்கள். கடையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

பிளேஸ்ரேசன் 4 இன் முதல் மாதிரி, பாரமான கேம் ஓடும்போது ஏறக்குறைய 140 வாற்று இழுக்கும். அவ்வளவும் கடைசியில் சூடாகித்தான் வெளியே வர வேண்டும். பெட்டியின் பக்கங்களில் நடுவால் ஓடும் ஒடுக்கமான பள்ளத்தால் காற்று உள்ளே போகிறது, பின்பக்கத் திறப்பால் வெளியே வருகிறது. கண்ணாடிக் கதவை மூடினால், தான் வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப உறிஞ்சும். சோனி குறிப்பிடும் இயக்க வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ். சீற் கூரையின் கீழ் சித்திரை மத்தியானத்தில் அறையே அந்த 35 ஐத் தொட்டுவிடும். விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது.

திறந்த மேசையில், இரு பக்கமும் 10 சென்ரிமீற்றர், பின்னால் அதைவிடக் கூட இடம் விட்டு வையுங்கள். மேசைவிரிப்பு வேண்டாம். பிறகு அதே கேமை 20 நிமிடம் ஓடவிட்டு, பின்பக்கத் திறப்புக்கு நேரே கையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் இந்தக் கைப் பரிசோதனையே சொல்லிவிடும்.

காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வந்தால் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அறைதான் கொதிக்கிறது. விசிறி இரைந்தும் காற்று மெலிதாக வந்தால் உள்ளே ஊத்தை அடைத்திருக்கிறது. காற்று பலமாக வந்தும் சூடில்லாமல் இருந்து, பெட்டி விரைவில் நின்றால், சிப்பிலிருந்து ஹீற்சிங்குக்கு (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகட்டுத் தொகுதி) சூடு போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்ற் காய்ந்திருக்கலாம். விசிறிச் சத்தமே இல்லாமல் சூடேறினால் விசிறி பழுது. போட்ட உடனே, குளிர்ந்திருக்கும்போதே இரண்டு மூன்று விநாடியில் நின்றால் அது சூட்டுப் பிரச்சினையே அல்ல. பவர் சப்ளையையோ தாய்ப்பலகையையோ (சிப் பொருத்தியிருக்கும் பிரதான சுற்றுப் பலகை) பார்க்க வேண்டும். அந்த வேலை வீட்டுக்குரியதல்ல.

உங்கள் வீட்டில் முதலாவதோ இரண்டாவதோதான் இருக்கும் என்று நினைக்கிறோம். பிளக்கைக் கழற்றி ஆறவிட்டு, ஒரு அங்குல அகலமுள்ள புதிய, மெதுவான பெயின்ற் பிறஷால் பக்கப் பள்ளத்தையும் பின்பக்கத் திறப்பையும் கூட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில், றோட்டோர வீடென்றால் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

கேள்வி: வெளியே நன்றாகத் துப்புரவாக்கிவிட்டேன். காற்று இன்னும் மெலிதாகத்தான் வருகிறது. பிளேஸ்ரேசன் 4, முதல் மாதிரி. நானே திறக்க விரும்புகிறேன். என்னென்ன தேவை, எங்கே பிழைக்கும்?
– உயர்தர மாணவர், சாவகச்சேரி

பதில்: உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் ஸ்குறூவை மூடியிருக்கும் ஸ்ரிக்கரில் கை வைக்க வேண்டாம்.

தேவையானவை: ரி9 அல்லது நடுவில் துளையுள்ள ரி8 ஸ்குறூ டிறைவர் (ஆறு முனையுள்ள ரோர்க்ஸ் வகை), சிறிய நட்சத்திர (பிலிப்ஸ்) ஸ்குறூ டிறைவர், மெல்லிய பிறஷ், சாவணம், அமுக்கக் காற்று அடைத்த ரின் ஒன்று. சாதாரண ரி8 ஐ வைத்து நெம்பினால் ஸ்குறூத் தலை உருண்டுவிடும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. ரயர்க் கடைக் கொம்பிறசரைப் பயன்படுத்தவே வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அமுக்கமும் அளவுக்கு மிஞ்சியது.

எல்லா வயரையும் கழற்றி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். பெட்டியைக் கவிழ்த்து, பின்பக்க ஸ்குறூக்களை எடுங்கள். சில ஸ்ரிக்கருக்கு அடியில் மறைந்திருக்கும். ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ அந்த இடத்தைக் கடதாசியில் வரைந்து, அதிலேயே ஒட்டி வையுங்கள். நீளம் வேறான ஸ்குறூவை மாறிப் பூட்டித்தான் பலர் பிளாஸ்ரிக்கை உடைக்கிறார்கள். மூடியைப் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கினால் கழன்று வரும்.

இப்போது தெரிவது பவர் சப்ளை. அதன் கூட்டைத் திறக்காதீர்கள். 230 வோல்ற்று மின்சாரத்தில் உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) 300 வோல்ற்றுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றம் அதில் தங்கியிருக்கலாம். கூட்டோடு முழுதாக எடுப்பதுதான் பாதுகாப்பு. பிடித்திருக்கும் ஸ்குறூக்களை எடுத்து நேராக மேலே தூக்குங்கள். தாய்ப்பலகையிலிருந்து எழும் பின்களில் அது பொருந்தியிருப்பதால் சரித்து இழுத்தால் பின் வளையும். மெல்லிய வயர் ஒன்று இன்னும் பொருத்தியபடி இருக்கும். அதை இழுக்காமல் பவர் சப்ளையைப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.

அடியில் விசிறியும் ஹீற்சிங்கின் தகடுகளும் தெரியும். விசிறியைப் பார்த்திருக்கும் தகட்டு ஓரத்தில்தான் தூசு கம்பளித் துணி போலப் படிந்திருக்கும். காற்றை மறித்தது இதுதான். முதலில் சாவணத்தால் பிடித்துத் துண்டாக எடுங்கள். பிறகு வெளியேறும் பக்கத்திலிருந்து விசிறிப் பக்கமாக, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில், காற்றடியுங்கள். மற்றப் பக்கமாக அடித்தால் தூசு தகடுகளுக்குள் இன்னும் இறுகும். அடிக்கும்போது விசிறி இதழை ஒரு காதுக்குச்சியால் தடுத்துப் பிடியுங்கள். அமுக்கக் காற்றில் அது கட்டில்லாமல் சுழன்றால் பெயறிங் கெடும். ரின்னை நிமிர்த்திப் பிடித்து, 15 சென்ரிமீற்றர் தள்ளி, விட்டுவிட்டு அடிக்க வேண்டும். சரித்தால் திரவம் பீறிடும்.

திரும்பப் பூட்டாமல் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். மூடியும் காற்றுப்பாதையின் ஒரு பகுதி. அது இல்லாமல் காற்று தகடுகளுக்குள் போகாமல் வெளியே சிதறும்.

தேர்மல் பேஸ்ற்றை இத்தோடு மாற்றலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். தூசு எடுத்த பிறகு காற்று பலமாக வந்தும் பெட்டி நிற்கிறது என்றால் மட்டும் செய்யுங்கள். அதற்கு டிஸ்க் டிறைவ், தாய்ப்பலகை எல்லாம் வெளியே வர வேண்டும், மெல்லிய நாடா வயர்கள் கிழிவது இந்தக் கட்டத்தில்தான். செய்வதானால், பழைய பேஸ்ற்றை 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடைத்தெடுங்கள். கை கழுவும் சனிற்றைசர் உதவாது, அதிலுள்ள கிளிசரின் படிந்துவிடும். மின் கடத்தாத பேஸ்ற் பயறளவு போதும். சிப்பின் பளபளக்கும் முகம் முழுவதும் மெல்லிய படையாகப் பரப்புங்கள். இங்கே சிப்புக்கு மேலே பாதுகாப்பு மூடி இல்லாததால் ஒரு மூலை விடுபட்டாலும் அந்த இடம் கொதிக்கும். சுற்றியுள்ள சிறு சிப்புகளில் இருக்கும் ரப்பர் போன்ற பட்டைகளைக் கிழிக்காதீர்கள். மாற்ற நேர்ந்தால் அதே தடிப்பில் வாங்குங்கள். அரை மில்லிமீற்றர் தடிப்புக் கூடினாலும் ஹீற்சிங் சிப்பில் முட்டாமல் நிற்கும். கடைசியாக, ஹீற்சிங்கைச் சிப்போடு அழுத்திப் பிடிக்கும் தகட்டின் இரண்டு ஸ்குறூக்களையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. கொன்சோலுக்குள்ளிருந்து சின்னக் கரப்பான் பூச்சிகள் வருகின்றன. மருந்து அடிக்கலாமா?
– குருநகர் வாசகர்

பதில்: உள்ளே மருந்து அடிக்கவே கூடாது. அதிலுள்ள எண்ணெய்ப்பசை தாய்ப்பலகையில் படிந்து தூசைப் பிடிக்கும், எரியக்கூடிய வாயுவும் அதில் உண்டு. பூச்சி தேடி வருவது சூட்டையும் இருட்டையும். அதனால் பெரும்பாலும் பவர் சப்ளைக்குள்தான் குடியிருக்கும். அதன் எச்சமும் செத்த உடலும் உப்புக்காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் மின் கடத்தி, சோற் ஆகும். உள்ளிருந்து பூச்சி வருகிறது என்றால் இன்றே பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையைத் திறந்து துப்புரவாக்கத் தெரிந்த திருத்துநரிடம் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு கரப்பான் ஜெல்லை அலுமாரி மூலைகளில் வையுங்கள், பெட்டியில் பூச வேண்டாம். கடலைப் பார்த்த யன்னலோரம் வைக்காதீர்கள். விளையாடி முடித்து நன்றாக ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடலாம். ஸ்லீப்பில் விட்டிருக்கும்போது மூடக்கூடாது, அப்போதும் உள்ளே சூடு உண்டு.

கேள்வி: கனடாவிலிருந்து சித்தப்பா பிளேஸ்ரேசன் 4 கொண்டுவந்து தந்தார். அங்கே 120 வோல்ற்று. இங்கே 230 இல் போட்டால் கூடுதலாகச் சூடாகுமா? ரான்ஸ்போமர் வாங்கச் சொல்கிறார்கள்.
– வட்டுக்கோட்டை வாசகி

பதில்: வாங்க வேண்டாம். பெட்டியில் ஒட்டியுள்ள விபரத்தை வடிவாக வாசியுங்கள். 100–240 வோல்ற்று, 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் நேரே போடலாம், சூடு கூடாது. பிளேஸ்ரேசன் 4, 5 இரண்டும் அப்படித்தான். மாற்ற வேண்டியது வயரை மட்டும். பிளேஸ்ரேசன் 4 இன் முதல் மாதிரிக்கும், பிறகு வந்த மெல்லிய மாதிரியான ஸ்லிம்முக்கும் றேடியோவுக்குப் போடும் எட்டு வடிவ இரண்டு துளை வயர் பொருந்தும். அதையே நம் நாட்டுப் பிளக்கோடு வாங்குங்கள். தட்டைக் கால் பிளக்கைத் தளர்வான அடப்ரரில் சொருகினால் கொன்சோல் அல்ல, அடப்ரர்தான் உருகும். ஆனால் அமெரிக்கா, கனடாவில் விற்ற பழைய எக்ஸ்பொக்ஸ் 360, முதல் பிளேஸ்ரேசன் 2 போன்றவற்றை நேரே போட்டுவிடாதீர்கள். அவை 230 ஐத் தாங்க மாட்டா.

கேள்வி: பிளேஸ்ரேசன் 5 வாங்கி இரண்டு வருடம். இப்போது முன்பைவிட இரைச்சல். இதையும் திறந்து பேஸ்ற் மாற்றலாமா?
– நல்லூர் வாசகர்

பதில்: பேஸ்ற்றே இல்லை. சிப்புக்கும் ஹீற்சிங்குக்கும் நடுவில் இருப்பது திரவ உலோகம். கலியம் கலந்த இந்த உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி வழிந்து பக்கத்துப் பாகங்களில் பட்டால் தாய்ப்பலகை போய்விடும். ஹீற்சிங்கைக் கழற்றும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

தூசு எடுப்பதோ இதில் மிகச் சுலபம். 2020 ஒக்டோபரில் சோனியே பெட்டியைப் பிரித்துக் காட்டிய காணொளியில் இதற்கென்று விட்ட வசதி தெரியும். இரண்டு வெள்ளைப் பக்கத் தகடுகளும் ஸ்குறூ இல்லாமலே மூலையைத் தூக்கி வழுக்கினால் கழன்று வரும். உள்ளே தூசு சேரவென்று விட்ட இரண்டு துளைகள் உண்டு. வக்கியூம் கிளீனரின் மெல்லிய வாயைத் துளையருகே பிடித்து, குறைந்த வேகத்தில் உறிஞ்சுங்கள். பெரிய விசிறியின் இதழ்களை, விரலால் தடுத்துக்கொண்டு, பிறஷால் கூட்டுங்கள். இரண்டு வருடம் தொடவில்லை என்றால் இதிலேயே இரைச்சல் குறையக்கூடும்.

கேள்வி: பின்னால் கொழுவும் யூஎஸ்பி கூலர் நல்லதா? அடியில் ஐஸ் பை வைத்தால்?
– மானிப்பாய் வாசகர்

பதில்: ஐஸ் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் உடனே வியர்க்கும், அந்தத் தண்ணீர் உள்ளே போகும். கொழுவும் கூலர் பல வேளைகளில் உள் விசிறியின் ஓட்டத்தோடு மோதுகிறது. அந்தக் காசுக்குப் பிறஷும் காற்று ரின்னும் வாங்குங்கள். மேசை விசிறி வைப்பதானால் பக்கத்திலிருந்து வையுங்கள், சூடு வெளியேறும் பின்பக்கத்தை நோக்கி அல்ல. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்தக் கறுப்பு வட்டம் சூடு வெளியேறும் வாய். அதன்மேல் றிமோட்டைக்கூட வைக்காதீர்கள்.

கேள்வி: மகளின் நின்ரெண்டோ சுவிற்ச் சார்ஜில் போட்டபடி விளையாடும்போது கொதிக்கிறது. திரை ஓரம் கொஞ்சம் எழும்பியது போலவும் இருக்கிறது.
– உரும்பிராய் வாசகர்

பதில்: ஓரம் எழும்பியது என்றால் சூட்டை விடுங்கள், பற்றரி ஊதியிருக்கலாம். உடனே நிறுத்திச் சார்ஜிலிருந்து கழற்றுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள். சீமெந்துத் தரையில், எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் வைத்து, அப்படியே திருத்துநரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: பகலில் பிரச்சினை இல்லை. பின்னேரம் ஆறரை, ஏழுக்குப் பிறகு பிளேஸ்ரேசன் 4 திடீரென்று நிற்கிறது. சூடு என்று எழுத்தும் வருவதில்லை. அந்த நேரம் லைற்றும் மங்கும்.
– கரவெட்டி வாசகர்

பதில்: எச்சரிக்கை எழுத்து வரவில்லை, வெய்யில் தணிந்த நேரத்தில்தான் நிற்கிறது. சிப்பின் சூட்டைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஊர் முழுதும் மின் பாவிக்கும் நேரத்தில் வோல்ற்றளவு விழுகிறது. 100–240 இல் இயங்கும் பவர் சப்ளைக்கு 180 வோல்ற்று ஒரு பிரச்சினையே அல்ல. ஆனால் அதே வாற்றை எடுக்க அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 230 இலிருந்து 180 க்கு விழுந்தால் ஓட்டம் கால் பங்குக்கு மேல் கூடும், தளர்ந்த பிளக்கில் எழும் சூடோ ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஆகவே கைவைத்துப் பார்க்க வேண்டியது வயர் செருகிய இடத்தை. ஒரு மணித்தியாலம் விளையாடிய பிறகு மல்ரி பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, கருகிய மணம் வந்தாலோ, பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருந்தாலோ அதை எறிந்துவிட்டு, சுவரிலுள்ள 13 அம்பியர் சொக்கற்றில் நேரே போடுங்கள். அதன் பிறகும் நின்றால், லைற் மங்குவது உங்கள் வீட்டில் மட்டுமா, பக்கத்து வீடுகளிலுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீற்றரிலிருந்து வரும் இணைப்பை மின்னியலாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அதுவரை அந்த நேரத்தில் விளையாட வேண்டாம். ஹாட் டிஸ்க்கில் பதிவாகிக்கொண்டிருக்கும்போது மின் அறுந்தால் அதில் சேமித்த கேம்கள் பழுதாகலாம்.