கீறல் இல்லாத பியானோ

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து நாலு மாதம் என்கிறீர்கள். மகளுக்கு ஒரு பழைய அப்ரைட் பியானோ (சுவரோடு நிமிர்ந்து நிற்கும் வகை), 400 டொலர், "ஒரு கீறலும் இல்லை" என்று விளம்பரம். அதை வாங்கலாமா, பேஸ்மன்டிலேயே இருப்பதா கொண்டோவுக்கு மாறுவதா, காப்புறுதி யாரிடம் எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கும் காப்புறுதிக்கும் ஸ்காபுறோவில் ஆலோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை, கேட்காமலே சொல்வார்கள். நான் பியானோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கீறல் இல்லை என்றால் வெளிப்பலகை நல்லது, அவ்வளவுதான். உள்ளே 200க்கும் மேற்பட்ட கம்பிகள், மொத்தம் 18 டன் அளவு இழுவையில் நிற்கின்றன. கம்பி சுற்றிய இரும்பு முளைகளைப் பிடித்திருப்பது ஒரு மரப்பலகை. இங்கே குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு மரம் சுருங்கும். கோடையில் ஈரத்தை உறிஞ்சி ஊதும். பல வருடம் இப்படிப் போய் அந்தப் பலகை வெடித்துவிட்டால் முளைக்குப் பிடிப்பு இல்லை. இன்றைக்குச் சுருதி கூட்டினால் நாளைக்கே இறங்கும். அதைத் திருத்தக் கேட்கும் காசுக்கு இன்னொரு பியானோ வாங்கலாம்.

மேல்மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். முளைகளின் அடியில் கறுப்பாக ஏதோ ஊறிய கறை தெரிந்தால், தளர்ந்த முளைகளை இறுக்க யாரோ மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று நினையுங்கள். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கடைசியாக எப்போது சுருதி கூட்டியது என்று கேளுங்கள். விற்பவர் அம்மம்மா கதைக்குப் போனால், வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. உயரம் இடுப்பளவுதான் என்றால் அது ஸ்பினெட் என்கிற குட்டை வகையாக இருக்கலாம். திருத்துவது பெரிய கரைச்சல், விட்டுவிடுங்கள்.

எங்கட ஆக்கள் இதெல்லாம் பார்ப்பதில்லை. ஹோலில் பளபளவென்று ஒன்று நிற்க வேண்டும், மேலே சாமத்திய வீட்டுப் படம் வைக்க வேண்டும். பிள்ளை சுருதி தப்பிய பியானோவில் ஆர்.சி.எம். (இங்கத்தைய ரோயல் கொன்சவற்றரி) இசைப் பரீட்சைக்குப் பழகுகிறது என்று ஒருவருக்கும் கவலையில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வந்த புதிதில் வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு கம்பனியில் சுமைவேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக்கூடச் சம்பளத்தில் வெட்டுவார்கள். இந்த நகரத்திலேயே செய்த பழைய ஹைன்ட்ஸ்மன் பியானோக்களைப் பனி உறைந்த படிகளில் இறக்கியிருக்கிறோம். பெரிய அப்ரைட் ஒன்று 200, 300 கிலோ வரும். என்னோடு வேலை செய்த இத்தாலியக் கிழவர் தூக்குமுன் வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து, எல்லாக் கட்டைகளையும் வரிசையாக அழுத்திக் காட்டுவார். இல்லாவிட்டால் முன்பே செத்த கட்டைக்கும் எங்களிடம் நட்டஈடு கேட்பார்களாம். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கு அதுவுமில்லை. ஆனாலும் பியானோவின் உள்பாகம் முழுவதும் அவரிடம் வடிவாகப் படித்தேன். இப்போது வருகிறவர்களுக்கு வேலைக்கு முதல் கார் வேண்டும். சரி, அது வேறு கதை.

மூடிக்கு உள்ளே சீரியல் நம்பர் இருக்கும். அதையும் பெயரையும் எழுதி அனுப்புங்கள், பெரும்பாலும் வயதைக் கண்டுபிடிக்கலாம். சுருதி கூட்டும் ரியூனர் ஒருவருக்குக் காசு கொடுத்துக் காட்டும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.